டீச்சரம்மாவின் மாற்றல்

9 ஜூன் 1986

டீச்சரம்மாவுக்கு,

நல்ல சேதி. இன்னிக்குக் கல்வி ஆபீசுக்குப் போயிருந்தேன். மாற்றல் பிரிவு கிளார்க் என்னைப் பார்த்ததும் நாற்காலிய விட்டு எழுந்து வந்தாரு. இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் எனக்காக எழுந்தது இதுதான் முதல் தடவை. இந்தத் தடவை லிஸ்ட்ல உன் பேர் இருக்காம். நம்ம தெரு முனையில இருக்கிற பெண்கள் ஹைஸ்கூல்லயே இடம் காலியாம். ஜூலைக்குள்ள ஆர்டர் கைக்கு வந்துடும்னு சொல்றாரு.

அந்த ஆபீஸ் பெஞ்சுல என் உடம்பு அச்சு பதிஞ்சு கிடக்கும். பஸ் டெப்போவுல நைட் டூட்டி முடிச்சு நேரா அங்க போய் உக்காந்தவன் நான். ஒரு தடவை உக்காந்தபடியே தூங்கிட்டேன், பியூன் எழுப்பி, மனு கொடுக்க வந்தீங்களா இல்ல தூங்க வந்தீங்களான்னு கேட்டான். இனிமே அந்தப் படியே ஏற வேண்டாம்.

நீ மலைக்குப் போனப்ப பாப்பாவுக்குப் பால் பல்லு விழல. இப்ப எனக்கே கடைவாய்ப் பல்லு ஆடுது. ஸ்கூல்ல, அம்மா என்ன வேலைன்னு கேட்டதுக்கு, "பொண்ணுங்களுக்கு நாடகம் சொல்லித் தர்றாங்க, கவிதை எழுதுறாங்க, ஊருக்கு வந்தா தூங்குவாங்க"ன்னு சொல்லியிருக்கா. டீச்சர் என்கிட்ட சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன்.

அக்காவுக்கு முட்டி வலி ஜாஸ்தி. நீ வந்துட்டா கொஞ்சம் உக்காருவா. பின்னாடி அறைக்கு வெள்ளை அடிச்சிட்டேன். டெப்போவுல கழிச்சுக் கட்டின மேசை ஒண்ணு கிடைச்சது, அதையும் போட்டாச்சு. ஒரு கால் மட்டும் குட்டை. அட்டை மடிச்சு வச்சா ஆடாது.

இங்கிருக்கும்
உன் டைம் கீப்பர்


18 ஜூன் 1986

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அறைக்கு வெள்ளையடித்தது, மேசை போட்டது எல்லாம் படித்தேன். சந்தோஷம். முட்டி வலிக்கு அண்ணி எண்ணெய் மட்டும் தேய்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நான் சொன்னால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள், நீங்களே சொல்வதாகச் சொல்லுங்கள்.

இங்கே மழை பிடித்துவிட்டது. தகரக் கூரையின் கீழ் ஒத்திகை நடத்துகிறேன். அந்தச் சத்தத்தில் எந்தப் பெண் என்ன வசனம் பேசுகிறாள் என்று தெரிவதில்லை. வாயசைவைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நவம்பரில் எங்கள் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியின் ஆண்டு விழா. 'பங்கு' என்று ஒன்று எழுதியிருக்கிறேன். அப்பா இறந்த வீட்டை மூன்று சகோதரிகள் சாக்பீஸால் கோடு போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவின் கட்டில் மட்டும் கோட்டின் மேலேயே கிடக்கிறது. செட் எதுவும் வேண்டாம், ஒரு கட்டிலும் சாக்பீஸும் போதும். பிரின்சிபாலுக்கு அதனாலேயே பிடித்துப்போயிற்று.

மூத்தவளாக நடிக்கிற பெண்ணை இங்கே எல்லாரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அத்தனை உயரம். உயரத்தை மறைக்கக் கூனியே பழகிவிட்டாள். நாளைக்கு வகுப்பறையில் நின்று பாடம் நடத்த வேண்டியவள், நிமிர்ந்தால் அழுகிறாள். அவளை நிமிர்த்துவதிலேயே என் சாயங்காலம் போய்விடுகிறது.

வானொலியில் ஒலிப்பதிவுக்குப் போனேன். அறிமுகம் செய்தவர் என்னை 'வட்டாரக் கவிஞர்' என்றார். லோக்கல் பஸ் என்று சொல்வதைப் போல இருந்தது. உங்கள் ஞாபகம் வந்தது.

இருமல் இன்னும் விடவில்லை. பயப்பட ஒன்றுமில்லை. பாப்பாவுக்கு முத்தம்.

இவள்


5 ஜூலை 1986

டீச்சரம்மாவுக்கு,

பாப்பாவுக்கு அம்மைன்னு வந்துட்டு நீ பஸ் ஏறிப் போய் ஒரு வாரம் ஆச்சு. பத்திரமா போய்ச் சேர்ந்தேன்னு ஒரு கார்டு போட்டிருக்கலாம். அந்த வண்டி டிரைவர் சொல்லித்தான் தெரிஞ்சது.

பாப்பாவுக்கு அம்மை இறங்கிடுச்சு. தழும்பு நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ இருந்த ரெண்டு நாளும் அவ பக்கத்துல படுத்து நீயும் தூங்கினே. காய்ச்சல் யாருக்குன்னே தெரியல. தப்பா சொல்லல. அவளும் அம்மா தூங்கறாங்க சத்தம் போடாதீங்கன்னு என்னையே அதட்டினா. அக்காதான், "விருந்தாளிய எழுப்பாதடா, தூங்கட்டும்"னா. அவ வாய் அப்படி, உனக்குத் தெரியும்.

ஆர்டர் இன்னும் வரல. ஜூலை பொறந்தாச்சு. கிளார்க் இப்ப என்னைப் பார்த்தா ஃபைலுக்குள்ள தலையை விடறாரு. உன் பிரின்சிபால் உன்னை விடமாட்டேன்னு ஏதாவது எழுதிட்டாரா? விசாரிச்சுப் பாரு. அவர்கிட்ட சண்டை போடாத, நயமாப் பேசு. நாடகத்துல பேசற மாதிரி பேசிடாத.

லோக்கல் பஸ்ஸைக் குறைச்சுப் பேசாத. எக்ஸ்பிரஸ் எல்லாம் காலியாத்தான் போகும். ஜனம் ஏறுறது லோக்கல்லதான்.

இப்படிக்கு
டைம் கீப்பர்


14 ஜூலை 1986

அன்புள்ள உங்களுக்கு,

கார்டு போடாதது தப்புதான். வந்து இறங்கிய அன்றே வகுப்பு, அப்புறம் ஒத்திகை. அப்புறம் என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை.

'விருந்தாளி' என்று அண்ணி சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் முழுத் தூக்கத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாப்பாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து அடுப்படிக்குப் போயிருக்கலாம். போனால் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். என் வீட்டில் உப்பு எங்கே என்று நான் கேட்க, அதை அண்ணி எடுத்துக் கொடுக்க. அதற்குத் தூங்குவதே மேல் என்று இருந்துவிட்டேன்.

பிரின்சிபால் ஒன்றும் எழுதவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆர்டர் வரும்போது வரட்டும். நீங்கள் இனிமேல் அந்த ஆபீசுக்கு அலைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நைட் டூட்டி முடிந்தால் வீட்டுக்குப் போய்ப் படுங்கள். உங்களுக்கும் வயதாகிறது.

பாப்பா சொறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள்.

இவள்


2 ஆகஸ்ட் 1986

உனக்கு,

நேத்து ஆபீசுக்குப் போனேன். நீ வேண்டாம்னு எழுதியும் போனேன். பழக்கம்.

இந்தத் தடவை கிளார்க் ஓடி ஒளியல. கூடத்துல அம்பது பேர் நிக்கறப்ப, என்னைப் பாவம்னு நினைச்சோ என்னவோ, கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டாரு. "சார், உங்க வீட்டம்மாவே இப்போதைக்கு மாற்றல் வேண்டாம்னு மே மாசமே சொல்லிட்டாங்களாம். எனக்கு இப்பத்தான் தெரியும். நீங்க எதுக்கு சார் அலையறீங்க?"

பெஞ்சுல இருந்த ஒரு ஆள் எனக்கு இடம் விட்டு நகந்து உக்காந்தான். அதைத்தான் தாங்க முடியல.

நான் நேரா டெப்போவுக்கு வந்து டூட்டி பார்த்தேன். எந்த வண்டி எப்ப உள்ள வந்தது, எப்ப வெளிய போச்சு, எல்லாம் சரியாத்தான் குறிச்சிருக்கேன். வீட்டுல இன்னும் யாருக்கும் சொல்லல.

மே மாசம்னா, நான் வெள்ளை அடிக்கறதுக்கு முன்னாடியே.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க யாராவது இருக்காங்களா? இருந்தா சொல்லிடு. நான் கத்தமாட்டேன், ஊரைக் கூட்டமாட்டேன். இல்லைன்னா எதுக்காகன்னு எழுது. புரியற மாதிரி எழுது. கவிதை வேண்டாம்.


11 ஆகஸ்ட் 1986

அன்புள்ள உங்களுக்கு,

யாரும் இல்லை.

இதை எழுதியதும், யாராவது இருந்திருந்தால் உங்களுக்குப் புரிய வைப்பது சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. கோபித்துக்கொள்ளவும் வசதி.

இங்கே ஓர் அறை இருக்கிறது. தையல் கடைக்கு மேலே, நீங்கள் பார்த்ததுதான். ஒரு ஜன்னல், ஒரு பாய், ஒரு ஸ்டவ். சாயங்காலம் ஒத்திகை முடிந்து வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரை என்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். முதல் வருஷம் அந்த அறையில் அழுதேன். உங்களுக்கே தெரியும், அப்போது எழுதிய கடிதமெல்லாம் மை கரைந்துதான் வந்து சேர்ந்திருக்கும். இரண்டாம் வருஷம் எழுத ஆரம்பித்தேன். என் இரண்டு கவிதைப் புத்தகமும் அந்தப் பாயில் உட்கார்ந்து எழுதியவைதான்.

பாப்பா பிறந்து ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன் அல்லவா? அந்த வருஷம் ஒரு வரி எழுதவில்லை. நீங்கள் தடுக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. ஒரு வரி மனதில் வரும். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது அண்ணி கூப்பிடுவார்கள், அல்லது பால் பொங்கும், அல்லது நீங்கள் சட்டைப் பொத்தானோடு வந்து நிற்பீர்கள். திரும்பி வந்தால் வரி போயிருக்கும். இதற்கு யார் மேல் கோபப்படுவது? கோபப்பட ஆளில்லாததுதான் என்னைத் தின்றது.

இப்போது கொடுக்கிற பள்ளியில் நாடகம் என்று ஒரு வகுப்பே கிடையாது. விசாரித்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஆறு பீரியட், இலக்கணமும் கட்டுரைத் திருத்தலும். அங்கே ஆறு, வீட்டில் மிச்சம். இரண்டும் சேர்ந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். நல்ல அம்மா, நல்ல டீச்சர் என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்குப் பயமாக இருந்தது. மாற்றல் வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் நீங்கள் அந்தப் பெஞ்சைப் பற்றி எழுதுவீர்கள். அதைப் படித்த பிறகு எப்படிச் சொல்வது?

பாப்பா இல்லாமல் எனக்கு இங்கே சுகமாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை ராத்திரியில் இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். போர்வையை இழுத்துவிடக் கை நீளுகிறது. அங்கே வெறும் சுவர்.

களைப்பாக இருக்கிறது. இங்கேயும் களைப்பு, அங்கே வந்தாலும் களைப்பு. எந்தக் களைப்பு என்னுடையது என்று தேர்ந்தெடுக்கத்தான் பார்த்தேன். இது கவிதை இல்லை. இதற்கு மேல் புரியும்படி எழுதத் தெரியவில்லை.

இவள்


10 செப்டம்பர் 1986

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் இப்போது என் ஜன்னலைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்.

திட்டியாவது எழுதுங்கள். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று மட்டுமாவது எழுதுங்கள்.

இவள்


28 செப்டம்பர் 1986

டீச்சருக்கு,

எழுதாம இருந்தது உன்னைத் தண்டிக்க இல்ல. நாலு தடவை உக்காந்தேன். எழுதினதைப் படிச்சா எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது, கிழிச்சுட்டேன்.

பாப்பா நல்லா இருக்கா. தழும்பு மறைஞ்சாச்சு.

போன வாரம் வானொலியில உன் கவிதை வந்தது. டெப்போ கேன்டீன்ல ரேடியோ எப்பவும் கத்திக்கிட்டு இருக்கும், யாரும் கேக்கமாட்டாங்க. ஒரு கண்டக்டர், "சார், உங்க வீட்டம்மா"ன்னு சத்தத்தைக் கூட்டினான். பாப்பாவும் சாப்பாட்டுக் கேரியரோட அங்கதான் இருந்தா. யார் யாரோ தண்ணி குடிச்சு வச்ச டம்ளரை ஒருத்தி கழுவிக்கிட்டே இருக்கா, அவளுக்குத் தாகமான்னு யாரும் கேக்கலைன்னு வருதே, அது. கேன்டீன்காரர் கையில டம்ளரோட அப்படியே நின்னுட்டாரு. முடிஞ்சதும் பாப்பா கேட்டா: "அப்பா, அது நம்ம வீட்டு டம்ளரா?"

நாடகத்துக்கு எழுதினதா இருக்கும்னு சொன்னேன். அவ நம்பல. அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டதும் அவ டம்ளரை அவளே கழுவி வச்சா. அக்கா பாத்துக்கிட்டே இருந்தா.

அக்காகிட்ட சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆடித் தீர்ப்பான்னு நினைச்சேன். ஆடல. காலை நீட்டி முட்டியைத் தடவிக்கிட்டா. அப்புறம், "அவ வராட்டா நீ போயேன்டா. மலையில பஸ் ஓடலையா?"ன்னா.

எனக்குக் கோபம்தான் வந்தது. பொண்டாட்டி வேலை பாக்கற ஊருக்கு நான் மூட்டையைக் கட்டறதான்னு. மூணு நாள் அக்காகூடப் பேசல. அப்புறம் ஒரு சாயங்காலம் உன் மலைக்குப் போற வண்டியை வெளிய அனுப்பறப்ப தோணுச்சு. இத்தனை வருஷம் உனக்காக எத்தனை மனு போட்டேன். எனக்குன்னு ஒண்ணு, ஒரே ஒண்ணு, போட்டதில்ல. போடலாம்னு புத்தியிலயே வரல.

மறுநாள் மேனேஜர்கிட்ட கேட்டேன். அவரு சிரிச்சாரு. அந்த மலை டெப்போவுல இருந்து ஓடி வரத்தான்யா ஆள் இருக்கான், போறேன்னு கேட்ட முதல் ஆள் நீதான்னாரு. எழுதிக் கொடுத்திட்டேன். தை மாசத்துக்குள்ள ஆர்டர் வருமாம். எனக்கு வரும். நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன்.

குத்திக் காட்டாம இருக்க முடியல, மன்னிச்சுக்கோ.

இப்படிக்கு
டைம் கீப்பர்


8 அக்டோபர் 1986

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் வைத்துப் படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது. என் முகத்தைப் பார்த்த பெண்கள், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்கள்.

சந்தோஷப்பட்டு எழுத வேண்டும். அப்படித்தான் ஆரம்பித்தேன், இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு தடவை மறைத்துப் பட்டது போதும். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இங்கே வந்தால், அங்கிருந்த வீடு இங்கே வந்துவிடுமோ என்று. மலை மாறாது, நான் மறுபடியும் அந்தப் பழைய ஆளாகிவிடுவேனோ என்று.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டும். கதவைச் சாத்திக்கொள்வேன். அப்போது சட்டைப் பொத்தான் கிடையாது, ஸ்டவ் கிடையாது. பாப்பா கூப்பிட்டால்கூட நீங்கள்தான் போக வேண்டும். ஒத்திகை இருக்கிற மாதங்களில் நான் தாமதமாக வருவேன், ஏன் என்று முகத்தைப் பார்க்கக் கூடாது. கணவனுக்கு ஒரு மனைவி இப்படியெல்லாம் எழுதுவாளா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு வரியையும் அடிக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லலாமா? தெரியவில்லை. சொல்லவும் மனமில்லை.

ஒட்டகம் நேற்று ஒரு முழுக் காட்சியும் நிமிர்ந்து நின்று பேசினாள். எனக்கு எழுந்து கைதட்டக்கூடத் தெம்பில்லை. உட்கார்ந்தபடியே தலையாட்டினேன்.

இவள்


21 அக்டோபர் 1986

டீச்சரம்மாவுக்கு,

நீ போட்ட நிபந்தனையைப் படிச்சேன். கதவு சாத்தறது, பொத்தான், முகத்தைப் பாக்கறது, எல்லாம். நான் டைம் கீப்பர். எந்த வண்டியை எப்ப உள்ள விடணும், எப்ப விடக்கூடாதுன்னு பாக்கறதுதான் என் பொழப்பு. உன் ஒரு கதவை என்னால பாத்துக்க முடியாதா? பொத்தான் தைக்கக் கத்துக்கிட்டேன். கோணலாத்தான் வருது, ஆனா நிக்குது.

ஆனா ஒண்ணு. எங்களைப் பத்தி நீ எழுதினதைப் படிச்சா, ஏதோ வெள்ளம் வர்றதுன்னு எச்சரிக்கை விட்ட மாதிரி இருக்கு. நாங்க வெள்ளம் இல்ல. ஒரு ஆளும் ஒரு குழந்தையும். எங்களுக்கும் இங்க விட்டுட்டு வர வேண்டியது இருக்கு. பாப்பா பள்ளிக்கூடம் மாறமாட்டேன்னு ரெண்டு நாள் சாப்பிடல. அவ சிநேகிதி வீட்டுல போய் உக்காந்துக்கிட்டா, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அக்கா குளிருக்கு வரமாட்டேன்னு தீர்மானமா சொல்லிட்டா. கணவன் போனப்புறம் என் வீடுதான் கதின்னு வந்தவ, பாப்பாவை வளர்த்துக் கொடுத்தவ, இப்ப மறுபடியும் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போகப் பொட்டி கட்டறா. நீ போகச் சொன்னதாலதானே நான் போறேன்னு அவகிட்ட கேட்டா, "நான் சொன்னது நல்லதுக்குத்தான்டா, அதுக்காக எனக்கு வலிக்கக் கூடாதா?"ங்கறா. அதையும் ஒரு கவிதையில எழுது.

இங்க நான் இருபது வருஷமா இருக்கேன். டிரைவர், கண்டக்டர், கேன்டீன்காரர் எல்லாரும் என்னை அண்ணேன்னு கூப்பிடறாங்க. அங்க நான் டீச்சர் வீட்டுக்காரர். பரவால்ல. அதுவும் யோசிச்சுத்தான் எழுதிக் கொடுத்தேன்.

இன்னும் மனசு ஒப்பலைன்னா, வரவேண்டாம்னு ஒரு வரி எழுதிடு. நான் மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன், பழையபடி மாசத்துக்கு ஒரு தடவை நீ வந்து தூங்கு. ஆனா நீயே எழுது. இன்னொரு கூடத்துல, இன்னொரு ஆள் வாயால நான் கேக்க மாட்டேன். அவ்வளவுதான் என் நிபந்தனை.

இப்படிக்கு
உன் டைம் கீப்பர்


16 நவம்பர் 1986

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு நாடகம் ஒரு காரணம். மற்றது கடைசியில் சொல்கிறேன்.

'பங்கு' நேற்று நடந்தது. மழையில் மின்சாரம் போய்விட்டது, நாலு பெட்ரோமாக்ஸ் வைத்து நடத்தினோம். வெளிச்சம் கட்டிலோடு நின்றுவிட்டது, கோடு பின்னால் யாருக்கும் தெரியவில்லை. முன் வரிசைக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். ஒட்டகம் நடுக் காட்சியில் வசனத்தை மறந்துவிட்டாள். நான் பக்கத் திரையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், அவள் காதில் விழவில்லை. கட்டில் பக்கம் திரும்பினாள். பிறகு எழுதாத ஒன்றைச் சொன்னாள்: "அம்மா, நீயே சொல்லேன், உனக்கு எந்தப் பக்கம் வேணும்?" கட்டிலில் கிடந்த பெண்ணுக்கு வசனமே கிடையாது. அவள் என்ன செய்வது என்று தெரியாமல் அழுதுவிட்டாள். என் நாடகத்தில் அது இல்லை. இருந்திருக்க வேண்டும். நான் எழுதியபோது அம்மாவைக் கேட்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

ராத்திரி முழுக்க உடம்பு வலி. காலையில் எழுந்து வீடு பார்க்கப் போனேன்.

டெப்போவுக்குப் பின்னால், சரிவில், மாடியில் இரண்டு அறை. ஓட்டுக்கூரை. பாப்பாவுக்குச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்தால் பஸ்களின் கூரை வரிசையாகத் தெரிகிறது. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான். வீட்டுக்காரர் ஒரு மருந்துக் கடைக்காரர், அதிகம் பேசாதவர். இருந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்திருந்தேன், தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு. கீழே இன்ஜினை உறுமவிடுகிறார்கள், கதவைத் தட்டி "ரைட், ரைட்" என்கிறார்கள், ஒருவன் டயரை உருட்டிக்கொண்டே பாடுகிறான். அண்ணியைப் பற்றி எழுதச் சொன்னீர்களே, அதைத்தான் முயன்றேன். 'எனக்கு வலிக்கக் கூடாதா' என்ற அந்த ஒரு வாக்கியத்தை அவர்கள் சொன்னபடியே எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு வரியும் வரவில்லை.

இறங்கிப் போய் வீட்டுக்காரரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

வாருங்கள். இதை நானே எழுதுகிறேன், இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று. அண்ணிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், கோடைக்காவது வரச் சொல்லி. என்னால் நயமாக எழுத முடிந்ததா தெரியவில்லை, நீங்கள் படித்துக் காட்டும்போது கொஞ்சம் பார்த்துப் படியுங்கள்.

பெரிய அறையின் சுவர் ஓதம் அடிக்கிறது. வெயில் வருகிற ஒரு நாள் பார்த்து வெள்ளையடிக்க வேண்டும். நீங்கள் வந்த பிறகு இரண்டு பேருமாகச் செய்யலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன். தனியாக எனக்கு இப்போது முடியாது.

இவள்